ஸ்டைல்ஸ் மாளிகை: ஒரு கொலைக்கு எதுக்கு இத்தனை காபிக் கோப்பை?

பாதிப்புத்தகம்:

அகதா கிறிஸ்டியோட முதல் நாவல், ஸ்டைல்ஸ் மாளிகைக் கொலை. ஆளாளுக்கு உசுப்பேத்தினதுல எடுத்துட்டேன். எசெக்ஸ் கிராமத்துல ஒரு பெரிய வீடு. எஜமானி எமிலி இங்கிள்தார்ப், எழுபது வயசுப் பணக்காரி. தன்னைவிட இருபது வயசு சின்னவனான ஆல்ஃபிரட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்காங்க. ஒருநாள் விடியக்காலையில வலிப்பு வந்து செத்துப்போறாங்க. ஸ்ட்ரிக்னைன் விஷம். இதுவரைக்கும் ஜோர்.

அதுக்கப்புறம் அத்தியாயம் அத்தியாயமா என்ன நடக்குது தெரியுமா? ஹெர்க்யூல் புவாரோன்னு ஒரு குள்ள பெல்ஜியக்காரர் தரையில மெழுகு சொட்டியிருக்கான்னு பார்க்கிறார். காபிக் கோப்பையை எண்ணுறார். தாழ்ப்பாள்ல சிக்கின பச்சை நூலை எடுத்து உறைக்குள்ள போடுறார். நடுவுல மாடி வரைபடம் ஒண்ணு, அந்த அம்மா படுக்கையறைக்குத் தனி வரைபடம் ஒண்ணு, எரிஞ்ச காகிதத்துண்டுக்குப் படம் ஒண்ணு. செத்தவங்களுக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலை.

இதுல அப்படி என்ன ருசி? கிண்டல் இல்லை, நிஜமாவே கேக்குறேன். தொடரலாமா, மூடி வச்சிடலாமா?

நெறியாளர்:

ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு மேல் பழைய புத்தகம்தான், இருந்தாலும் இழையைத் தொடங்கியவர் இன்னும் முடிக்கவில்லை. கொலையாளி யார் என்று யாரும் எழுத வேண்டாம். விஷம் எப்படி வேலை செய்தது என்பதைப் பேசுகிறவர்கள் முதல் வரியில் எச்சரிக்கை போடுங்கள்.

திண்ணைவாசி:

தம்பி, மூடி வைக்காதே. நீ சலிச்சுக்கிற இடம்தான் சமாச்சாரமே.

இந்த மாதிரிப் பெரிய வீட்டுக் கதைகளுக்கு உயிர் கொலையில இல்லை, வீட்டு ஒழுங்குல இருக்கு. எட்டு மணிக்குக் காபி. அதை யார் ஊத்துறது, யார் தட்டுல வச்சு எடுத்துட்டுப் போறது, எந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், எந்த அறையில என்னிக்குக் கணப்பு மூட்டுவாங்க, எல்லாத்துக்கும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒரே மாதிரி நடக்கிற இடத்துலதான் ஒருநாள் நடந்த வித்தியாசம் கண்ணுல படும். ஒழுங்கே இல்லாத வீட்டுல இந்தக் கதையை எழுதவே முடியாது.

ஒரு இடத்தை மட்டும் எடுத்துக் காட்டுறேன். கொலையாளி பக்கமே போகலை, பயப்படாம படி.

செத்துப்போற அன்னைக்கு அந்த அம்மா தன் அறையில கணப்பு மூட்டச் சொல்றாங்க. வேலைக்காரங்க மூட்டுறாங்க. நாமும் அதைப் படிச்சுட்டுத் தாண்டிப் போயிடறோம். இங்கிலாந்து குளிர் தேசம், கணப்பு மூட்டினா என்ன தப்பு? ஆனா கதை நடக்கிறது ஜூலை மாசத்துல. அன்னைக்கு நிழல்லயே 80 டிகிரி ஃபாரன்ஹீட். அந்தப் புழுக்கத்துல எவளாவது கணப்பு கேப்பாளா? எதையோ எரிக்கணும்னா கேப்பா.

சரி, எரிக்கணும்னா எதுக்குக் கணப்பு? கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டா ஆகாதா? ஆகாது. முதல் அத்தியாயத்துலயே அந்த அம்மா பெருமையா ஒண்ணு சொல்லிடறாங்க: இது போர்க்கால வீடு, இங்கே எதையும் வீணாக்க மாட்டோம், காகிதத் துணுக்கைக்கூடச் சேர்த்து மூட்டை கட்டி அனுப்பிடறோம்னு. அதாவது அந்த வீட்டுல காகிதத்தைத் தொலைக்கவே வழி கிடையாது. கூடையில போட்டது இன்னொருத்தர் கைக்குப் போகும். அந்த எரிஞ்ச காகிதத்துண்டு ஒரு உயில். உயிலைத் தொலைக்கணும்னா நெருப்பு ஒண்ணுதான் வழி.

அந்த உயில் எங்கேர்ந்து வந்தது? ஜன்னலுக்கு வெளியே பெகோனியா நட்டுக்கிட்டிருந்த பாத்தியில புதுசா கால்தடம் இருக்கு. தோட்டக்காரங்க ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டிருக்காங்க. தோட்டக்காரனை எழுதற மேஜைக்கு எதுக்குக் கூப்பிடணும்? சாட்சிக் கையெழுத்துக்கு. ஆக, சாயங்காலம் ஒரு உயில் எழுதியிருக்காங்க. எழுதின அன்னைக்கே அதை எரிக்கிற அளவுக்கு நடுவுல என்ன ஆச்சு? வேலைக்காரி டார்கஸ்கிட்டே தபால்தலை கேட்டிருக்காங்க. அப்படின்னா தன் மேஜையில தபால்தலை இல்லை. அதைத் தேடறதுக்காக வேற எங்கேயோ கையை விட்டு, பார்க்கக் கூடாத எதையோ பார்த்துட்டாங்க.

பூச்செடி, தபால்தலை, கணப்பு, குப்பைக் காகிதம். எல்லாமே ஒரு குடும்பத் தலைவியோட சாதாரண சாயங்காலம். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனா ஒண்ணோட ஒண்ணு கோத்தா அந்த அம்மாவோட மனசு ஒரு மணி நேரத்துல எப்படிப் பொரண்டுச்சுன்னு அப்படியே தெரியுது. கண்ணீர் இல்லைன்னு சொன்னியே, எனக்கு அந்தக் கணப்பு போதும்.

கறுப்புக்கண்ணாடி:

திண்ணைவாசி அக்கா ருசியாகத்தான் பரிமாறுகிறார். நான் எதிர்க்கட்சி.

இந்த வகை நாவல்களை அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் ஒரு கட்டுரையில் தோலுரித்துவிட்டார். அவர் கையில் எடுத்தது ஏ. ஏ. மில்ன் 1922இல் எழுதிய சிவப்பு வீட்டு மர்மம். குழந்தைகளுக்குக் கரடிக் கதை எழுதினாரே, அதே மில்ன்தான். அந்த நாவலில் செத்தது யார் என்பதையே போலீஸ் ஒழுங்காக விசாரிப்பதில்லை. ஒழுங்காக விசாரித்தால் கதை அங்கேயே முடிந்துவிடும், அதனால் விசாரிப்பதில்லை. நிஜத்தில் கொலை செய்கிறவன் நேரத்தைக் கணக்குப் போட்டு, கோப்பையை மாற்றி வைத்து, ஜன்னலுக்கு வெளியே நூல் கட்டிக்கொண்டா இருப்பான்? கோபத்தில் அடிப்பான். பணத்துக்கு வெட்டுவான். இன்னொரு அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளரான ஹாமெட் கொலையைப் பூச்சாடியிலிருந்து எடுத்துத் தெருச்சந்தில் போட்டார் என்று சாண்ட்லர் சொன்னது சும்மா இல்லை.

அடுத்த வருஷமே விமர்சகர் எட்மண்ட் வில்சன், கிறிஸ்டியின் இன்னொரு நாவலில் சாகிற ரோஜர் ஆக்ராய்டை எவன் கொன்றால் எனக்கென்ன என்கிற அர்த்தத்தில் தலைப்பே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். என் கட்சியும் அதுதான். பங்களாவில் எட்டுப் பேர், அதில் ஒருவன் கொலைகாரன். மீதி ஏழு பேரும் வெறும் அட்டை பொம்மைகள். எமிலியின் முதல் கணவருடைய மகன்களான லாரன்ஸுக்கும் ஜானுக்கும் என்ன வித்தியாசம், யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

திண்ணைவாசி:

ஜான் மாட்டிக்கிட்டா வாயை மூடிக்குவான். லாரன்ஸ் மாட்டிக்காமலே வாயை மூடிக்கிட்டிருக்கான். அதுக்குக் காரணம் புத்தகத்துல இருக்கு, முழுசாப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

மத்தபடி, பணத்துக்காகக் கொல்லுவான்னு நீங்க சொன்னதைத்தானே கிறிஸ்டியும் சொல்றாங்க? ஸ்டைல்ஸ்ல எல்லார் பிழைப்பும் ஒரு கிழவியோட காசோலைப் புத்தகத்துல தொங்குது. வளர்ந்த மகன்கள் ரெண்டு பேரும் அவங்க கையைப் பார்த்துத்தான் நிக்கணும். தெருச்சந்துல மட்டும்தான் பணம் நாறுமா?

பனங்காடு:

நான் உந்தப் புத்தகத்தை வேற ஒரு காரணத்துக்காகத் திருப்பித் திருப்பி வாசிக்கிறனான். எல்லாரும் மாளிகை, மாளிகை எண்டு கதைக்கினம். ஆனா அந்த மாளிகை அப்பவே இறங்குமுகத்தில நிக்குது, அதை ஆரும் கவனிக்கிறதில்லை.

டார்கஸ் புவாரோவோட கதைக்கிற இடத்தைப் பாருங்கோ. போருக்கு முந்தி அஞ்சு தோட்டக்காரர் இருந்தவையாம். இப்ப கிழவன் மானிங்கும், வில்லியம் எண்ட பெடியனும், காற்சட்டை போட்ட ஒரு பொம்பிளையும்தானாம். மனுசி அதைப் பெரிய அவலமாச் சொல்லுது. எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாயும் இருக்கும். ஜானின்ர மனுசி மேரியும் வயல் வேலைக்குப் போறா. அதே வீட்டில இருக்கிற சிந்தியா செஞ்சிலுவை ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிறா. கதை சொல்லுற ஹேஸ்டிங்ஸ் போர்முனையில காயப்பட்டு வந்தவர். கிறிஸ்டி இதை எழுதினது 1916இல, சண்டை நடந்துகொண்டிருக்கேக்க.

புவாரோ ஆர்? அகதி. முதலாம் உலகப்போர் நேரம் இரண்டரை லட்சம் அளவில பெல்ஜியச் சனம் பிரித்தானியாவுக்குத் தப்பி வந்தது. கிறிஸ்டியின்ர ஊரான டார்க்கீயிலயும் அவையள் இருந்தவை. அதைப் பார்த்துத்தான் துப்பறியிறவரையும் பெல்ஜியக்காரர் ஆக்கினதா அவவே தன் வாழ்க்கை வரலாற்றில எழுதியிருக்கிறா. செத்துப்போற எமிலி அம்மாதான் புவாரோவுக்கும் அவரின்ர ஊராக்கள் ஏழு பேருக்கும் தங்க இடம் குடுத்தவ. பாதிப்புத்தகம் தம்பி, ஆருக்கும் துக்கம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. அந்த வீட்டில சொந்தக்காரர் சொத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிக்கேக்க, நன்றிக்கடனுக்காக வேலை செய்யிற ஒரே ஆள் வெளியில இருந்து வந்த அகதி. அகதியாப் போன எங்களுக்கு அந்த இடம் வேற மாதிரிப் படும்.

பாதிப்புத்தகம்:

@திண்ணைவாசி அக்கா, கணப்பு விஷயம் சத்தியமா கவனிக்கலை. ஜூலைன்னு படிச்சேன், ஆனா மண்டையில ஏறலை.

@பனங்காடு அண்ணா, அந்தத் தோட்டக்காரர் வரியை நானும் தாண்டித்தான் போயிருக்கேன். இன்னிக்கு ராத்திரி திரும்ப உட்காரப் போறேன்.

பழையபேப்பர்:

வீட்டு வழக்கமே சாட்சி சொல்வது நாவலாசிரியர்கள் கண்டுபிடித்தது இல்லை. அதற்கு நிஜமான மூலம் இருக்கிறது, சோகமான மூலம்.

1860 ஜூன் 29 இரவு, வில்ட்ஷயர் எல்லையில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில் சாவில் கென்ட் என்ற குழந்தை காணாமல் போனது. நாலு வயதுகூட முடியவில்லை. மறுநாள் தோட்டத்துக் கழிப்பறைக்குள் கழுத்தறுபட்ட உடல் கிடைத்தது. ராத்திரி கதவெல்லாம் சாத்தியிருந்த வீடு. ஆக, கொன்றது உள்ளே தூங்கிய யாரோ. உள்ளூர் போலீஸ் திணறவே, லண்டன் போலீஸின் ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவர் பிடித்துக்கொண்டது எதை? சலவைக் கணக்கை. மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு வயது 16. அவளுக்கு இரவு உடுப்பு மூன்று. வெளுக்கப் போட்ட கணக்கையும் கையில் இருப்பதையும் ஒப்பிட்டால் ஒன்று குறைகிறது. ரத்தம் பட்ட உடுப்பை அழித்துவிட்டு, அது சலவையில் தொலைந்த மாதிரி ஏமாற்றியிருக்கிறாள் என்பது விச்சரின் வாதம். உடுப்பு கிடைக்கவே இல்லை. மாஜிஸ்திரேட்டுகள் அவளை விடுவித்தார்கள். ஒரு கீழ்த்தட்டுப் போலீஸ்காரன் கண்ணியமான குடும்பத்துப் பெண்ணின் உள்ளாடைக் கணக்கைக் கிளறுவதா என்று ஊரே விச்சர் மேல் பாய்ந்தது. மனிதர் பேரே கெட்டுப் போனது. 1865இல் கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து, 1868இல், வில்கி காலின்ஸ் ‘நிலாக்கல்’ நாவலை எழுதினார். திப்பு விழுந்த 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கொள்ளை போன வைரம் ஒரு யார்க்ஷயர் மாளிகைக்கு வந்து அங்கிருந்தும் திருடு போகிற கதை. அதில் வரும் துப்பும் என்ன தெரியுமா? பெயிண்ட் கறை பட்ட ஒரு இரவு உடுப்பு. விசாரிக்க வருகிறவரும் லண்டன் போலீஸ்காரர்தான்.

சாண்ட்லர் சொன்ன தெருச்சந்தில் கொலைக்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம். சலவைக் கணக்கு எழுதும் வீட்டில் ஒரு துணி குறைந்தாலே சாட்சி.

கறுப்புக்கண்ணாடி:

ரோட் ஹில்லை நானும் ஏற்கிறேன். ஆனால் அங்கே ஒரு குழந்தை செத்ததன் கனம் இருக்கிறது, ஒரு குடும்பமே நாசமானது. ஸ்டைல்ஸில் அது விளையாட்டாகிவிட்டதே, அதுதான் என் வருத்தம்.

சரி, விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். விளையாட்டுக்கு விதி உண்டு. ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் 1929இல் பத்துக் கட்டளை போட்டார்: அமானுஷ்யம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிகிறவருக்குக் கிடைத்த துப்பு வாசகனுக்கும் தெரிய வேண்டும், இப்படி. 1930இல் துப்பறியும் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கி, சத்தியப்பிரமாணம் எல்லாம் செய்துகொண்டார்கள். கிறிஸ்டியும் அதில் உண்டு. அந்த அளவுகோலில் ஸ்டைல்ஸ் தேறுமா? விஷம் வேலை செய்த விதம் எந்தச் சாதாரண வாசகனுக்குத் தெரியும்? ரசாயனப் பாடப்புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்தில் சட்டைப்பையிலிருந்து எடுக்கிற மாதிரி எடுக்கிறார் புவாரோ. இது நியாயமான ஆட்டமா?

அரைமில்லி:

எச்சரிக்கை: விஷம் எப்படி வேலை செய்தது என்று சொல்லப் போகிறேன். பாதிப்புத்தகம், அடுத்த பதிவுக்குத் தாவிவிடுங்கள்.

மருந்து கலக்குவதுதான் என் தொழில், அதனால் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் ஸ்ட்ரிக்னைனை மிகச் சிறிய அளவில் பலமருந்தில் சேர்ப்பார்கள். எமிலி அம்மாள் குடித்த டானிக்கிலும் அது உண்டு. தினசரி அளவு பாதகமில்லை. ஆனால் அதில் புரோமைடு உப்பைச் சேர்த்தால் நிலைமை மாறும். கரைந்திருந்த ஸ்ட்ரிக்னைன் கரையாத புரோமைடு உப்பாகப் படிகம் கட்டி, சில மணி நேரத்தில் பாட்டிலின் அடியில் படிந்துவிடும். மேலே இருக்கும் மருந்தைக் குடிக்கிறவரை ஒன்றும் ஆகாது. கடைசி வேளைக்கு அடியில் இருப்பது எல்லாம் ஒரே வாயில் போகும். ஆள் காலி. பாட்டிலைக் குலுக்கிக் குடித்திருந்தால் கதையே இல்லை. நாங்கள் இன்றைக்கும் லேபிளில் குலுக்கச் சொல்லி ஒட்டுகிறோமே, வேலை மெனக்கெட்டா ஒட்டுகிறோம்?

இதைக் கிறிஸ்டி கற்பனையில் பிடிக்கவில்லை. போர்க்காலத்தில் டார்க்கீ ஆஸ்பத்திரியில் முதலில் தாதியாகவும், பிறகு மருந்துப் பிரிவிலும் வேலை பார்த்தவர். 1917இல் அதற்கான தேர்வும் எழுதித் தேறினார். புத்தகம் வந்ததும் மருந்தாளர்களின் தொழில்முறை இதழே அவர் ரசாயனத்தைப் பாராட்டியது. வேறு எந்தப் பாராட்டையும்விட அதில்தான் அவருக்குப் பெருமை என்று படித்திருக்கிறேன். தொழிலில் இருக்கிறவனுக்கு அது புரியும்.

இப்போது நியாயத்துக்கு வருவோம். ரசாயனம் தெரியாத வாசகனுக்கும் மூன்று விஷயம் முன்னாலேயே காட்டப்படுகிறது. ஒன்று, தூக்கத்துக்கான தூள் இருந்த பெட்டி காலியாக இருக்கிறது, அதில் மருந்துக்கடைப் பெயரும் இல்லை. இரண்டு, டானிக்கின் கடைசி வேளையை அந்த அம்மாள் குடித்தது அன்றைக்குத்தான். மூன்று, நேரக் கணக்கு உதைக்கிறது. ஸ்ட்ரிக்னைன் வேகமாக வேலை காட்டும். எட்டு மணிக் காபியில் கலந்திருந்தால் விடியக்காலைவரை தாங்கியிருக்காது. அவர் அறையில் இருந்த கோகோவைச் சோதித்தால் அதிலும் இல்லை. காபியும் இல்லை, கோகோவும் இல்லை என்றால், அன்று அவர் வேறு என்ன விழுங்கினார்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும். புரோமைடின் பெயர் தெரியாவிட்டாலும் டானிக் பாட்டிலில் கை வைத்துவிடலாம்.

அத்தனை காபிக் கோப்பையும் எதற்கு என்பதற்கும் இதுவே பதில். நாம் கோப்பைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டிலைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

கறுப்புக்கண்ணாடி:

மூன்றாவது காரணத்தை ஏற்கிறேன். முதல் இரண்டும் மருந்துக்கடைக்காரர் கண்ணுக்குத்தான் தெரியும். அரைமில்லி சார் பாதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளலாம்.

திண்ணைவாசி:

ரசாயனம் கிடக்கட்டும். துளி அறிவியல் தேவைப்படாத ஒரு துப்பு இருக்கு. இந்த நாவல்ல எனக்கு உசத்தியானது அதுதான். அரைகுறையாச் சொல்றேன், யாருக்கும் ருசி கெடாது.

புவாரோவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளும் கோணலா இருக்கக் கூடாது. கணப்பு மேடை மேல இருக்கிற பொம்மை, ஜாடி எல்லாத்தையும் நேராக்கி வைப்பார். ஹேஸ்டிங்ஸ் இதைச் சிரிச்சுக்கிட்டே நமக்குச் சொல்லுவார், நாமும் சிரிப்போம். கதை எங்கேயோ முட்டிக்கிட்டு நிக்கறப்போ, அன்னைக்கு நீங்க கை நடுங்க அந்த மேடைச் சாமானை எல்லாம் நேராக்கினீங்களேன்னு ஹேஸ்டிங்ஸ் பேச்சுவாக்குல சொல்றார். புவாரோ துள்ளி எழுந்து, வீதியில தலைதெறிக்க ஓடறார்.

ஏன்? யோசிச்சுப் பாருங்க. அவர் அன்னைக்குக் காலையிலயே அதை எல்லாம் ஒருதரம் நேராக்கிட்டார். ஒருதரம் நேராக்கினதை மறுபடி நேராக்க வேண்டி வந்ததுன்னா, நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க. அந்த மேடையில எதையோ ஒளிச்சிருக்காங்க.

அவருக்குன்னு ஒரு கோமாளித்தனமா நாம நினைச்ச குணமே துப்பு. இதுல வாசகனுக்கு எதையாவது மறைச்சாங்களா? துளிகூட இல்லை. ரெண்டு தடவையும் கண்ணு முன்னாடியே நடந்தது. இதுக்குக்கூட நியாயமான ஆட்டம் இல்லைன்னு சொன்னா கறுப்புக்கண்ணாடி கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிக்கணும்.

கறுப்புக்கண்ணாடி:

கழற்றிவிட்டேன். அந்த ஒரு இடத்துக்கு முழு மதிப்பெண்.

பழையபேப்பர்:

கடைசிக் காட்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரையும் வரவேற்பறையில் உட்கார வைத்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துத் துப்பறிகிறவர் விளக்குவாரே, அது இந்த வகைக் கதைகளின் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஆனால் கிறிஸ்டி முதலில் அப்படி எழுதவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதியில் புவாரோ நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறித்தான் எல்லாவற்றையும் சொல்கிறார். பதிப்பாளர் ஜான் லேன், கோர்ட்டில் ஒரு சாட்சியை இப்படியெல்லாம் பேச விடமாட்டார்கள், நம்பும்படி இல்லை, அதை மாற்றினால் போடுகிறேன் என்றார். கிறிஸ்டி காட்சியை வீட்டுக்கே கொண்டுவந்தார். பழைய கோர்ட் அத்தியாயம் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் தப்பிப் பிழைத்து, பல பத்தாண்டுகள் கழித்து அச்சேறியது.

படித்துப் பார்த்தேன். விளக்கம் ஏறக்குறைய அதேதான், ஆனால் சப்பென்று இருக்கிறது. கோர்ட்டில் நீதிபதி நடுவில் புகுந்து புகுந்து கேட்கிறார். வரவேற்பறையில் கொலைகாரர் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார், காலடியில் அதே கம்பளம்.

பணவிஷயத்தில் ஜான் லேன் தாராளம் காட்டவில்லை. முதல் 2,000 பிரதிகளுக்கு உரிமைத்தொகை இல்லை என்று ஒப்பந்தம், அதோடு அடுத்த ஐந்து நாவல்களும் அவருக்கே. 1920 அக்டோபரில் அமெரிக்காவிலும், 1921 ஜனவரியில் இங்கிலாந்திலும் வெளிவந்தது. தொடராக வந்ததில் கிடைத்த பங்கு 25 பவுன். அந்தப் புத்தகத்தால் கிறிஸ்டி கண்ட காசு அவ்வளவே.

பனங்காடு:

ஒப்பந்தத்தை வாசிக்கிறதிலயும் அவ பிறகுதான் துப்பறியப் பழகினவ போல 😀

பாதிப்புத்தகம்:

முடிச்சிட்டேன்! இனிமே என்கிட்டே எதையும் மறைக்க வேண்டாம். ஆனா இழையில பேரைப் போடாதீங்க, நெறியாளர் முறைப்பார்.

ஆரம்பத்துலயே ஒரு ஆள் மேல சந்தேகப்பட்டேன். புவாரோவே அந்த ஆளைக் கைது பண்ண விடாம ஓடி ஓடிக் காப்பாத்துறார். அஞ்சு சாட்சி வேற கொண்டுவர்றார். சரி, அப்போ இவன் இல்லைன்னு அந்தப் பேரையே அடிச்சுட்டேன். அங்கேதான் மொத்த ஆப்பும். ஒருதரம் விசாரிச்சு விடுதலை ஆனவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாதுங்கிற அந்தக் கால இங்கிலீஷ் சட்டத்தை வச்சு இப்படி ஒரு ஆட்டம் ஆடலாம்னு எவன் யோசிச்சான்? மாட்டிக்கணும்னே திட்டம் போட்ட கொலையை நான் இப்பதான் பார்க்கிறேன்.

குறையும் இருக்கு. ஜெர்மன் உளவாளி சமாச்சாரம் எதுக்கு? பக்கம் நிரப்பவா? ஒட்டுத்தாடி வச்சுக்கிட்டு மருந்துக்கடைக்குப் போற இடத்துல பள்ளிக்கூட நாடகம் ஞாபகம் வந்தது. ஹேஸ்டிங்ஸ் திடீர்னு சிந்தியாகிட்டே கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குற இடத்துல புத்தகத்தைக் கீழே போட்டுச் சிரிச்சேன். அந்தப் பொண்ணும் சிரிக்குது, பாவம் மனுஷன்.

ஆனா முடிச்ச கையோட முதல் அத்தியாயத்தைத் திருப்பினேன். அந்த மூட்டை கட்டின காகிதம் வரி அங்கேயே இருக்கு. ஒரு ஆள் வீட்டை விட்டுப் போறப்போ ஹேஸ்டிங்ஸ்கிட்டே சொல்ற எச்சரிக்கையும் இருக்கு. இப்போ அதைப் படிச்சா முதுகு சில்லிடுது. முதல் தடவை படிச்சப்போ, எவ்வளவு நல்ல மனசுன்னு நினைச்சேன்.

அடுத்து என்ன படிக்கலாம்?

நெறியாளர்:

முறைக்கவில்லை. ஆனால் சட்டப் பத்திக்கு முன்னால் எச்சரிக்கை வரி போட்டிருக்கலாம்.

திண்ணைவாசி:

கிறிஸ்டியிலேயே இரு. 1946ல வந்த ‘தி ஹாலோ’. வார இறுதி விருந்து, நீச்சல்குளக் கரையில கொலை. அதுல ஆளுங்க அட்டை பொம்மை இல்லை, கறுப்புக்கண்ணாடிக்கும் ஒத்துவரும். புவாரோ அதுல அவ்வளவா ஒட்டலை, கிறிஸ்டியே பின்னால அதைச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் 1949ல வந்த ‘க்ரூக்கட் ஹவுஸ்’. அதோட முடிவைப் பத்தி எவனாவது வாயைத் திறந்தா பேச்சை மாத்திடு.

கறுப்புக்கண்ணாடி:

ஹாலோவுக்கு என் ஓட்டும் உண்டு. சிவப்பு வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாண்ட்லர் கட்டுரையைப் படித்துவிட்டால் அந்த நாவல் காலி.

பழையபேப்பர்:

புதுசு வேண்டுமானால் ஸ்டூவர்ட் டர்ட்டன் 2018இல் எழுதிய ஈவ்லின் ஹார்ட்கேஸில் நாவல். பிளாக்ஹீத் என்ற பாழடைந்த மாளிகை, இரவு 11 மணிக்கு ஒரு பெண் சாகிறாள். கதை சொல்கிறவன் அதே நாளை எட்டுத் தடவை, ஒவ்வொரு தடவையும் வேறொரு விருந்தாளியின் உடம்பில், வாழ வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்திப் படித்தால் தலை சுற்றும். லீவு நாளில் ஒரே மூச்சில் உட்காருங்கள். யார் எப்போது எந்த மாடிப்படியில் நின்றான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஜப்பான் பக்கம் போனால் செய்ஷி யோகோமிசோவின் ஹோன்ஜின் கொலை, 1946. கல்யாண ராத்திரி, வெளியே பனி, பனியில் கால்தடமே இல்லை. அங்கே காகிதக் கதவுதான். ஆனாலும் பூட்டிய அறைக் கொலை நடக்கிறது.

பனங்காடு:

ஹோன்ஜின் நல்ல புத்தகம்தான். ஆனா எப்பிடிக் கொன்றது எண்ட விளக்கத்தை ரெண்டாந்தரம் வாசிச்சும் எனக்குப் பிடிபடேல்லை. அரைமில்லி அண்ணை, அதுக்கு ஒரு படம் கீறிப் போடுவியளோ?

அரைமில்லி:

அது மருந்து விஷயம் இல்லையே, கயிறும் தண்ணீர்ச் சக்கரமும். பழையபேப்பர்தான் வர வேண்டும். தனி இழை தொடங்குங்கள், இதே இழையில் போட்டால் அந்தப் புத்தகமும் நாசம்.